சத்து பெயரிலா, தராசிலா?



ஓட்ஸும் சாக்லேட்டும் கலந்து செய்த நீள்சதுர வில்லைகளை நீங்கள் கடைகளில் பார்த்திருப்பீர்கள். உறையின்மேல் ஒரு தானியக் கதிரின் படம் இருக்கும். அருகிலேயே ‘சத்தானது’ என்று பொருள்படும் ஏதேனும் ஒரு சொல்லும் இருக்கும். அதே வில்லையை வீட்டில் செய்துகொள்ளும் முறைகளும் பல உண்டு. அவற்றுக்கும் ‘சுலபமானது, உடம்புக்கு நல்லது’ என்ற அடைமொழி தவறாமல் கிடைத்துவிடுகிறது. இந்த அடைமொழியை நாம் அப்படியே நம்பலாமா?

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஒரு தின்பண்டம் சத்தானதா என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. அதில் சேர்ந்துள்ள ஒவ்வொரு பொருளின் எடையும் தீர்மானிக்கிறது. வீட்டில் செய்தது என்பதாலும் அது நல்லதாகிவிடாது. வீட்டில் செய்பவருக்கு ஒரே ஒரு வசதி உண்டு: தராசு அவர் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவரை, வீட்டு வில்லைக்கும் கடை வில்லைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதை வெறும் வாதமாகச் சொல்லாமல், கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

அளந்து சமைத்தவர்கள்

இந்த வில்லையின் தாயகம் அமெரிக்கா. நாம் பிஸ்கட் என்பதை அமெரிக்கர்கள் ‘குக்கி’ என்பார்கள். மாவைத் தனித்தனி வட்டங்களாக வைக்காமல், தட்டு முழுவதும் ஒரே பரப்பாகப் பரப்பி, ஓவனில் வேகவைத்து, ஆறியபின் வெட்டினால் அது ‘குக்கி பார்’. உருட்டும் வேலையும் தட்டும் வேலையும் இல்லாததால்தான் அதைச் சுலபமானது என்கிறார்கள்.

அமெரிக்கச் சமையலில் 1896ஆம் ஆண்டு ஒரு முக்கியமான ஆண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் சமையற் பள்ளி நடத்தி வந்த ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார் அவ்வாண்டில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அதற்குமுன் ‘முட்டையளவு வெண்ணெய்’, ‘ஒரு கைப்பிடி மாவு’ என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. யாருடைய கைப்பிடி? எந்தக் கோழியின் முட்டை? ஃபார்மர் அம்மையாரோ, கிண்ணத்திலும் கரண்டியிலும் தலை தட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரால் அந்த வழக்கம் வீடுகள்தோறும் பரவியது.

அதே மாநிலத்தில், விட்மன் என்ற ஊரில் விடுதி நடத்தியவர் ரூத் வேக்ஃபீல்டு. குக்கி மாவில் சாக்லேட் துண்டுகளைக் கலந்து அவர் செய்த பண்டம் 1930களில் புகழ்பெற்றது. சாக்லேட் கைதவறி மாவில் விழுந்ததால் அது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க இனிமையான கதைதான். ஆனால் நம்பத் தக்கதன்று. அவர் முறையாக மனையியல் பயின்றவர். திட்டமிட்டே அந்தக் குக்கியை உருவாக்கினார். நமது வில்லைக்கு இவ்விருவரும் பாட்டிமார் போன்றவர்கள். இவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது, அளந்து செய்தல் என்ற ஒன்றே.

ஓட்ஸின் உண்மையான பெருமை

ஓட்ஸ் என்பது நெல்லையும் கோதுமையையும் போலப் புல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தானியம். குளிர் நாடுகளில் நன்றாக விளையும். உமியை நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கு இடையே நசுக்கினால் கடையில் கிடைக்கும் தட்டையான ஓட்ஸ் கிடைக்கிறது. ஆவியில் வேகவைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓட்ஸில் மற்றத் தானியங்களைவிடக் கொழுப்பு சற்று அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் அதிலேயே இருக்கிறது. ஆவியின் வெப்பத்தில் இந்த நொதி செயலிழந்துவிடுவதால், தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை.

நூறு கிராம் ஓட்ஸில் சுமார் 13 கிராம் புரதமும் 10 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. அந்த நார்ச்சத்தில் ஏறத்தாழ 4 கிராம், பீட்டா-குளுக்கான் என்னும் கரையும் வகையாகும். ஓட்ஸ் கஞ்சி வழுவழுப்பாக இருக்கக் காரணம் இதுதான். குடலில் இது கூழ்போல் ஆகி, பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை ஈடுசெய்ய, கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அதனால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது.

இந்த ஆதாரத்தின்பேரில்தான், ஓட்ஸ் உணவு இதய நோய் ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று விளம்பரப்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி வழங்கியது. ஆனால் அத்துடன் ஓர் அளவையும் சேர்த்தே சொன்னது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா-குளுக்கான் வேண்டும். உணவின் மற்றப் பகுதியில் செறிவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைவாக இருக்க வேண்டும். உறைகளில் ஓட்ஸின் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது. இந்த 3 கிராம் என்ற அளவு மட்டும் நம் கண்ணில் படுவதில்லை!

எட்டு வில்லைக் கணக்கு

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஒரு தட்டு ஓட்ஸ் சாக்லேட் வில்லைக்கு உரிய பொருள்களைக் கீழே தருகிறேன்.

ஓட்ஸ் 150 கிராம்
மைதா 150 கிராம்
சர்க்கரை 200 கிராம்
வெண்ணெய் 200 கிராம்
முட்டை 1
சாக்லேட் 150 கிராம் (இதில் பாதி சர்க்கரை எனக் கொள்வோம்)

இதை 16 வில்லைகளாக வெட்டுகிறோம். சேர்த்த சர்க்கரை 200 கிராம். சாக்லேட்டில் உள்ளது 75 கிராம். ஆக 275 கிராம். ஒரு வில்லைக்கு 17 கிராம். எல்லாப் பொருள்களின் கலோரியையும் கூட்டினால் சுமார் 4,160 வரும். ஒரு வில்லைக்கு 260 கலோரி.

பீட்டா-குளுக்கான் எவ்வளவு? 150 கிராம் ஓட்ஸில் 6 கிராம். அப்படியானால் 3 கிராம் பெறுவதற்கு எத்தனை வில்லை தின்ன வேண்டும்? சரியாகப் பாதித் தட்டு. அதாவது 8 வில்லைகள். அந்த எட்டோடு 137 கிராம் சர்க்கரையும் 2,080 கலோரியும் உள்ளே போகும்.

நாள் முழுவதும் 2,000 கலோரி உணவு உட்கொள்ளும் ஒருவர், சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு முதலியவற்றின் வழியே வரும் சர்க்கரையை 50 கிராமுக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த நெறி. 25 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. எட்டு வில்லைகளோ 137 கிராம் தருகின்றன! இதயத்தைக் காப்பதற்காக இந்த வில்லையைத் தின்பது, நனைந்த துணியை உலர்த்த ஆற்றில் இறங்குவதைப் போன்றது. அதே 3 கிராம் பீட்டா-குளுக்கான், 75 கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சினாலே கிடைத்துவிடும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டியதில்லை.

தேனை மாற்றினால்?

“வெள்ளைச் சர்க்கரையை நீக்கித் தேன் சேர்த்திருக்கிறோம்” என்று சிலர் சொல்வார்கள். இதையும் கணக்கிடுவோம். நூறு கிராம் தேனில் சுமார் 82 கிராம் சர்க்கரைதான். மீதியில் பெரும்பகுதி நீர். 200 கிராம் சர்க்கரைக்குப் பதில் 200 கிராம் தேன் சேர்த்தால் 164 கிராம் சர்க்கரை சேர்கிறது. சாக்லேட்டில் உள்ளதையும் கூட்டினால் 239 கிராம். ஒரு வில்லைக்கு 15 கிராம். ஆக, 17 என்பது 15 ஆயிற்று. பெயர் முழுவதும் மாறிவிட்டது. கணக்கு 2 கிராம்தான் மாறியது! நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் இதே கதைதான். அவற்றின் மணம் நன்று. ஒரு வில்லையில் அவை தரும் தாது உப்போ மிகச் சொற்பம்.

சாக்லேட்டுக்கும் இப்படி ஒரு பெருமை பேசப்படுகிறது. கோக்கோவில் ஃபிளேவனால் என்ற பொருள்கள் உள்ளன. அவை நல்லவை என்பார்கள். அமெரிக்க நிர்வாகம் 2023இல் இதைப் பரிசீலித்தது. ஃபிளேவனால் மிகுந்த கோக்கோத் தூளுக்கு மட்டும், அதுவும் ஆதாரம் மிகக் குறைவு என்ற எச்சரிக்கையோடு, இசைவு தெரிவித்தது. சாதாரண சாக்லேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே சாக்லேட்டைச் சுவைக்காகச் சேருங்கள். மருந்தென்று எண்ணிச் சேர்க்க வேண்டாம்.

அடியோடு நீக்கிவிடலாமா?

அப்படியானால் சர்க்கரையையும் கொழுப்பையும் முழுவதும் நீக்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீக்கிப் பாருங்கள், வில்லைக்குப் பதில் காய்ந்த செங்கல்தான் கிடைக்கும். இங்கேதான் இரசாயனம் குறுக்கிடுகிறது.

சர்க்கரையின் வேலை இனிப்பூட்டுவது மட்டுமன்று. அது நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் வில்லை காயாமல் மென்மையாக இருக்கிறது. கொழுப்போ மாவுத் துகள்களைச் சுற்றிப் படர்ந்து, கோதுமைப் புரதமான குளூட்டன் இறுகிப் பின்னிக்கொள்ளாமல் தடுக்கிறது. கடித்தவுடன் உதிரும் தன்மை அதனால் வருவது. பொன்னிறமும் மணமும் எங்கிருந்து வருகின்றன? பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மையார் 1912இல் விளக்கிய இரசாயன மாற்றத்தால் வருகின்றன. குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளும் புரதத்தின் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் கூடிப் பழுப்பு நிறப் பொருள்களையும் நூற்றுக்கணக்கான மணப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. 140 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இது விரைவாக நடக்கும். தேனில் குளுக்கோஸும் பிரக்டோஸும் தனித்தனியே இருப்பதால், தேன் சேர்த்த வில்லை சீக்கிரம் சிவந்துவிடும்.

வில்லை உப்புவதற்குக் காரணம் சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட். அமிலம் பட்டாலும் சூடு பட்டாலும் அதிலிருந்து கரியமில வாயு வெளிப்படுகிறது. அந்த வாயுக் குமிழ்கள் மாவை மேலே தூக்குகின்றன.

ஆகவே ஒவ்வொரு பொருளும் ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைப் புரிந்துகொண்டால், எதை எவ்வளவு குறைக்கலாம், அதன் வேலையை வேறு எதனிடம் ஒப்படைக்கலாம் என்பது தெளிவாகும். நன்கு கனிந்த வாழைப்பழம் இங்கே கைகொடுக்கிறது. காயிலிருந்த மாவுச்சத்து கனியும்போது சர்க்கரையாக மாறியிருப்பதால் இனிப்பு கிடைக்கிறது. அதன் நீரும் நாரும் ஈரத்தைக் காக்கின்றன. கூழ் ஓட்ஸை ஒட்டவைக்கிறது. அதன் இலேசான அமிலமோ சோடா உப்பைத் தூண்டுகிறது. ஒரு பழம், நான்கு வேலைகள்!

நம் தட்டு

இனி நமது தட்டுக்கு வருவோம்.

ஓட்ஸ் 200 கிராம்
முழுக் கோதுமை மாவு 50 கிராம்
தோல் நீக்கிய கனிந்த வாழைப்பழம் 200 கிராம்
சர்க்கரை 60 கிராம்
கடலை எண்ணெய் 60 கிராம்
முட்டை 1
கோக்கோ 70 சதவீதம் உள்ள கறுப்புச் சாக்லேட் 60 கிராம்
சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை

பழத்தைப் பிசைந்து, எண்ணெய், முட்டை, சர்க்கரை ஆகியவற்றைக் கலக்குங்கள். ஓட்ஸையும் மாவையும் சோடா உப்பையும் உப்பையும் சேர்த்துக் கிளறுங்கள். பொடியாக நறுக்கிய சாக்லேட்டைக் கடைசியில் தூவுங்கள். எண்ணெய் தடவிய 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பரப்பி, 180 டிகிரியில் சுமார் 25 நிமிடம் வைத்தால் போதும். நன்றாக ஆறியபின் 16 வில்லைகளாக வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும். ஓவன் இல்லாத வீட்டில், கனமான இரும்புச் சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து மூடியும் வேகவைக்கலாம், நேரம் கூடுதலாகும். அடுப்பு வேலையின்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.

இதிலுள்ள சேர்த்த சர்க்கரை, சாக்லேட்டில் உள்ளதையும் கூட்டினால், சுமார் 78 கிராம். ஒரு வில்லைக்கு 5 கிராம், கலோரி 145. வெண்ணெயின் கொழுப்பில் பாதிக்குமேல் செறிவுற்ற வகை. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவே. எல்லா வகையிலும் நாம் வென்றுவிட்டோம் அல்லவா?

சற்றுப் பொறுங்கள்! நல்ல விஞ்ஞான மாணவன் தன் கணக்கையே முதலில் சந்தேகிக்க வேண்டும். முதல் தட்டின் மாவு மொத்தம் 900 கிராம். நம்முடையது 680 கிராம். இரண்டையும் பதினாறாகத்தான் வெட்டினோம். அதாவது நம் வில்லை சிறியது! ஆகவே நூறு கிராமுக்கு என்று ஒப்பிடுவதே நியாயம். அப்போது சர்க்கரை 31 கிராமிலிருந்து 11 கிராமாகவும், கலோரி 462இலிருந்து 342ஆகவும் குறைந்திருப்பது தெரியும். வெற்றி உண்மைதான், ஆனால் முதலில் தோன்றிய அளவுக்குப் பெரியதன்று. ‘ஒரு வில்லைக்கு’ என்று உறையில் எழுதப்பட்டிருந்தால், வில்லையின் எடை என்ன என்று கேட்கும் பழக்கம் இதனால் உங்களுக்கு வரட்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, திடப் பண்டம் ஒன்றைக் ‘குறைந்த சர்க்கரை’ உடையது என்று சொல்ல, நூறு கிராமில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. நம் வில்லை அந்தத் தேர்வில் தேறாது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அது ஓர் இனிப்புப் பண்டம். முன்னதைவிடப் பாதிக்கும் குறைவான சர்க்கரை உள்ள இனிப்புப் பண்டம். அந்த அளவுக்கு மட்டும் அதைப் புகழுவோம்.

கணக்குப் பார்த்துத் தின்பதா?

“தின்பதற்கெல்லாம் கணக்குப் பார்த்தால் வாழ்க்கையில் என்ன சுவை இருக்கும்?” என்று உங்கள் வீட்டில் யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இனிப்பை இனிப்பென்று அறிந்து, ஒன்றிரண்டு எடுத்து, ரசித்துத் தின்பவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. சத்துணவு என்று நம்பி, காலைச் சிற்றுண்டிக்குப் பதிலாக நாள்தோறும் தின்பவரைப் பற்றித்தான் கவலை. முன்னவர் தாமாக நிறுத்திக்கொள்வார். பின்னவருக்கு நிறுத்தவேண்டும் என்ற எண்ணமே வராது. ‘சத்தானது’ என்ற சொல் செய்யும் தீங்கு இதுதான். வளரும் வயதில் உள்ள உங்களுக்கு அது பெரிய தீங்கு. நம் எள்ளுருண்டைக்கும் கடலை மிட்டாய்க்கும்கூட இதே தராசு பொருந்தும். பழமையானது, நம்முடையது என்பதற்காக எடையில் சலுகை கிடையாது.

கடைப் பண்டத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. உறையின் பின்புறத்தில் சேர்க்கைப் பொருள்கள், எடை மிகுந்தது முதலாக இறங்கு வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முன்புறத்தில் ஓட்ஸின் படம் இருந்து, பின்புறத்தில் சர்க்கரையின் பெயர் முதலிலோ இரண்டாவதாகவோ வந்தால், எதை நம்புவது என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, தேன் என்று மூன்று பெயர்களில் பிரித்து எழுதியிருந்தால் மூன்றையும் மனத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

இறுதியாக உங்களுக்கு ஒரு சோதனை. நம் தட்டை இரண்டாகப் பிரித்து, பாதியை இதே அளவிலும், மறுபாதியைச் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் செய்யுங்கள். எது எது என்று சொல்லாமல், ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் பெயரிட்டு வீட்டாருக்குக் கொடுங்கள். இடையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வேறுபாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லையென்றால், அந்தச் சர்க்கரை இதுவரை வீணாகச் சேர்ந்தது என்று பொருள். கண்டுபிடித்துவிட்டால், உங்கள் வீட்டின் எல்லை எது என்று தெரிந்துகொண்டீர்கள். எது நடந்தாலும் இலாபமே.

இந்தச் சோதனை மாணவிகளுக்கு மட்டும் உரியதன்று. மாணவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் தராசைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு அடுக்களையிலும் வேலை இருக்கிறது. தட்டுகளையும் நீங்களே கழுவி வைத்துவிடுங்கள்!